முதல் நாற்பது கிலோமீட்டர்: நெடுந்தூரக் குதிரைச் சவாரிக்குப் புதிதாக வருபவர்களுக்கும், அவர்களைக் கூட்டிவருபவர்களுக்கும்

அண்ணன் மகளுக்குப் பதின்மூன்று வயது. போன தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது விடியும் முன்னால், சென்னிமலைப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் கரையில் அவளை முதன்முறையாகப் பதினைந்து கிலோமீட்டர் சவாரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் ஐந்து பேர், ஐந்து குதிரைகள். வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சேணத்தில் ஏறி உட்கார்ந்தவள், குதிரையை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்: "சித்தப்பா, நான் மெதுவாத்தான் வருவேன், உங்களுக்கெல்லாம் தொந்தரவா இருக்குமா?"

"தொந்தரவே இல்ல கண்ணு, வா" என்று சொல்லிக் கிளம்பிவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. இந்தச் சவாரிக்குப் புதிதாக வரும் எல்லோரும், நாற்பது வயதில் முதல் குதிரை வாங்கியவர்கூட, இதையேதான் ஏதாவது ஒரு விதத்தில் கேட்கிறார்கள். மெதுவாக வருவது தப்பு என்று நினைத்துக்கொண்டே வருகிறார்கள். மெதுவாக வருகிறவரைச் சுமையாக நினைக்கும் கூட்டம் இந்த விளையாட்டையே புரிந்துகொள்ளாத கூட்டம் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்வதற்கு முன்னால், இது என்ன சவாரி என்று தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லிவிடுகிறேன்.

எண்டூரன்ஸ் என்று பரவலாகச் சொல்லப்படும் நெடுந்தூரச் சவாரியில் ஒரு ஆள், ஒரு குதிரை, குறித்துவைத்த பாதை, நீண்ட தூரம், அவ்வளவுதான். புதியவர்கள் 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டரில் தொடங்குவார்கள், அப்புறம் 60, 80, 120 என்று ஏறும், உச்சம் 160. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால், கோவையிலிருந்து பொள்ளாச்சி சுமார் 40, போய்த் திரும்பினால் 80. 160 என்பது கிட்டத்தட்ட கோவையிலிருந்து சேலம், அதுவும் ஒரே நாளில் ஒரே குதிரைமேல். இந்தத் தூரத்தை ஒரே மூச்சாக விடமாட்டார்கள், சுற்று சுற்றாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கால்நடை மருத்துவர் குதிரையைப் பார்த்து, போகலாம் என்று சொன்னால்தான் கட்டாய ஓய்வு முடிந்ததும் அடுத்த சுற்று. கடைசிக் கோட்டைத் தாண்டின பிறகும் ஒரு பரிசோதனை உண்டு. முதல் ஆளாக வந்த குதிரை அதில் நொண்டியது என்றால் சவாரியை முடித்ததாகவே கணக்கில்லை, பின்னால் நிதானமாக வந்த குதிரைக்குத்தான் இடம்.

இன்றைய வடிவத்தில் இதைத் தொடங்கிவைத்தவர் வென்டெல் ரோபி என்ற அமெரிக்கர். இந்தக் காலத்துக் குதிரையும் ஒரே நாளில் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், போகும் என்று காட்டுவதற்காக, 1955ல் சில நண்பர்களோடு டாஹோ ஏரிப் பக்கத்திலிருந்து சியரா நெவாடா மலையைத் தாண்டி கலிபோர்னியாவின் ஆபர்ன் ஊர்வரை சவாரி செய்தார். அது இன்றும் டெவிஸ் கோப்பை என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரத்துக்குள் குதிரையை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்த்த எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளி இடுப்புக் கொக்கிதான், அதில் முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் வித்தியாசம் கிடையாது. தொடங்குகிறவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் முடிக்கிறார்கள். 1964 முதல் அங்கே ஹேகின் கோப்பை என்று இன்னொன்றும் தருகிறார்கள். முதல் பத்து இடங்களுக்குள் வந்த குதிரைகளில் எது நல்ல தெம்போடு இருக்கிறதோ அதற்கு. எனக்கு இந்த இரண்டாவது கோப்பைமேல்தான் ஆசை அதிகம். 1972ல் அமெரிக்காவில் தொடங்கிய எண்டூரன்ஸ் சவாரிச் சங்கம் வைத்துக்கொண்ட வாசகமும் முடித்தாலே ஜெயித்த மாதிரி என்ற பொருளில்தான் இருக்கிறது.

கொங்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் பிடிபடாது, அதற்குக் காரணமும் இருக்கிறது. பந்தயம் என்றதும் நமக்கு ரேக்ளாதான் ஞாபகம் வரும். 200 மீட்டர், 300 மீட்டர், காளைகள் வில்லிலிருந்து விட்ட மாதிரி பறக்கும், கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், நொடிக்கணக்கில் பரிசு. நானும் சின்ன வயதில் அந்தப் புழுதியில் நின்று கத்தினவன்தான், அந்த வேகத்தின் அழகு தனி. ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனாலும், குதிரை வாங்க வந்தவன் முதலில் கேட்பது "ஓட்டிக் காட்டுங்க" என்பதைத்தான். யாரும் "இது பத்து கிலோமீட்டர் போனதுக்கப்புறம் எவ்வளவு நேரத்துல மூச்சு அடங்கும்" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. எண்டூரன்ஸுக்குக் குதிரை தேடுகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

குதிரையின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்த நிதானம் எதற்கு என்பது விளங்கிவிடும். சும்மா நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 தடவை துடிக்கும். பெருநடையில், அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவில் இருக்கும் ஓட்டத்தில், போகும்போது அது நூறைத் தாண்டும், பாய்ச்சலில் இருநூறைத் தொடும். நன்றாகப் பழக்கிய குதிரையை நிறுத்தி, நிழலில் தண்ணீர் ஊற்றி நாலைந்து நிமிடம் விட்டாலே துடிப்பு 60க்குப் பக்கம் இறங்கிவிடும். பழக்காத குதிரை அரை மணி நேரம் ஆனாலும் விலா இழுத்துக்கொண்டு நிற்கும். சர்வதேசப் போட்டிகளில் வழக்கமாக 64 என்று அளவு வைத்திருக்கிறார்கள். சுற்று முடிந்து உள்ளே வந்த 15 நிமிடத்துக்குள் துடிப்பு அதற்குக் கீழே இறங்க வேண்டும், இறங்கவில்லை என்றால் அன்றைக்கு அந்தக் குதிரைக்கு அதோடு முடிந்தது. ஆகவே வேகமாக ஓட்டி வந்து பத்து நிமிடம் மிச்சப்படுத்தினவன், துடிப்பு இறங்கக் காத்திருந்தே அந்தப் பத்து நிமிடத்தையும் தோற்றுவிடுவான்.

இன்னொன்றும் இருக்கிறது, புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இதில்தான். குதிரையின் இதயமும் நுரையீரலும் மூன்று மாதப் பழக்கத்திலேயே நன்றாகத் தேறிவிடும், தசைக்கு ஆறு மாதம்வரை ஆகும், ஆனால் காலில் இருக்கும் தசைநாரும் எலும்பும் குளம்பும் உறுதிப்பட ஒரு வருடத்துக்கு மேல், சில குதிரைகளுக்கு இரண்டு மூன்று வருடம்கூட ஆகும். நாலாவது மாசம் குதிரை மூச்சே வாங்காமல் போகும், "அட, இதுக்கு எதுவுமே தெரியலையே" என்று இவர் வேகத்தைக் கூட்டுவார், அப்புறம் ஒருநாள் முன்னங்கால் தசைநார் வீங்கி எட்டு மாசம் லாயத்தில் நிற்கும். அமெரிக்கச் சங்கத்தின் விதிப்படி 50 மைல் போட்டிக்கு வரும் குதிரைக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும், 25 மைலுக்கு நாலு வயது. சர்வதேசப் போட்டிக்குள் நுழைவதற்கு முன்னால் முடித்துக் காட்ட வேண்டிய தகுதிச் சவாரிகளில் மணிக்கு 16 கிலோமீட்டருக்கு மேல் போகவே கூடாது என்று வரம்பு இருக்கிறது. வேகமாகப் போகத் தெரிந்தவனுக்குக்கூட முதலில் மெதுவாகப் போகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள்.

இப்போது சிறுவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பொதுவாகத் தனியாகச் சவாரிக்குப் போக முடியாது. 21 வயது நிரம்பிய ஒருவர் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கூடவே வர வேண்டும். நாம் துணை ஆள் என்று சொல்லலாம். துணை ஆள் முன்னால் போய் அடுத்த திருப்பத்தில் காத்திருப்பது துணையே இல்லை, பக்கத்திலேயே இருக்க வேண்டும். துணை ஆளின் குதிரையை மருத்துவர் நிறுத்திவிட்டால், இன்னொரு பெரியவர் துணைக்குக் கிடைத்தால்தான் சிறுவர் மேலே போக முடியும். இந்த இடத்தில் நல்ல மனசு உள்ளவர்கள் யார் என்று தெரிந்துவிடும். தன் நேரத்தை விட்டுக்கொடுத்து, முன்பின் தெரியாத பிள்ளைக்கு "நான் கூட வர்றேன் வா" என்று சொல்கிறவர்களால்தான் இந்த விளையாட்டு அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

துணைக்குப் போகிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இது என் சொந்த அனுபவத்தில் பட்டுத் தெரிந்துகொண்டது. எனக்கு இருபத்திரண்டு வயதில், குதிரை வாங்கி ஆறே மாசத்தில், அனுபவசாலிகள் நாலு பேரோடு ஒரு பயிற்சிச் சவாரிக்குப் போனேன். பாதி வழியில் ஒரு தொட்டியில் குதிரைகளைத் தண்ணீர் குடிக்க விட்டோம். அவர்கள் குதிரைகள் பழக்கப்பட்டவை, வாய் வைத்ததும் உறிஞ்சிக் குடித்து முடித்துவிட்டன. என் குதிரை தண்ணீரை மோந்து பார்த்து, மூக்கால் ஊதி, அப்போதுதான் முதல் வாய் எடுத்திருந்தது. அவர்கள் பேசிக்கொண்டே கிளம்பிவிட்டார்கள். குதிரை மந்தை விலங்கு, கூட்டம் விலகிப் போவதைப் பார்த்ததும் அதற்குத் தாகமெல்லாம் மறந்துபோய்விடும். தலையைத் தூக்கிக் கனைத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு பாய ஆரம்பித்தது. நான் எவ்வளவு இழுத்துப் பிடித்தும் நிற்கவில்லை, ஒரு கிளுவை வேலி ஓரமாக உரசிக்கொண்டு போய் என் முழங்காலைக் கிழித்துவிட்டது. அதைக்கூட விடுங்கள், அன்றைக்கு முழுக்க அந்தக் குதிரை ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. சாயந்தரம் வயிற்று வலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதும், வயிற்று வலியில் குதிரை செத்தே போகலாம் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராத்திரி இரண்டு மணிவரை அதை நடத்திக்கொண்டே இருந்தேன், மருத்துவர் வந்து பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த நாலு பேருக்கும் என்மேல் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, பின்னால் இருக்கிறவன் குதிரை குடித்துவிட்டதா என்று திரும்பிப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அதனால் எங்கள் கூட்டத்தில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். தண்ணீர் இருக்கும் இடத்தில் கடைசிக் குதிரை தலையைத் தூக்கும்வரை யாரும் அசையக் கூடாது. இறங்கி ஏறும்போது கடைசி ஆளின் இரண்டு காலும் அங்கவடியில் (சேணத்தில் தொங்கும் கால் வளையத்தில்) ஏறும்வரை முன்னால் இருப்பவர் நகரக் கூடாது. தாண்டிப் போக வேண்டுமென்றால் குரல் கொடுத்துக் கேட்டுவிட்டு, நடையிலேயே தாண்டி, கொஞ்ச தூரம் போன பிறகுதான் வேகம் எடுக்க வேண்டும். புதியவர் குதிரை எந்த நடையில் வசதியாக வருகிறதோ அதுதான் எல்லோருக்கும் நடை. வாலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தால் உதைக்கிற குதிரை, பச்சை ரிப்பன் என்றால் புதிய குதிரை என்று பல நாட்டுச் சவாரிக்காரர்களிடம் அடையாளம் உண்டு, நாங்களும் அதை எடுத்துக்கொண்டோம். பச்சை ரிப்பனைப் பார்த்தால் இரண்டு குதிரை நீளம் தள்ளியே நிற்பது வழக்கமாகிவிட்டது. இதெல்லாம் மரியாதைக்காகச் செய்கிற காரியம் மாதிரி தெரியும், ஆனால் முழுக்க முழுக்கக் குதிரையின் உயிர் சம்பந்தப்பட்டது. வரவேற்பு என்று நான் சொல்வது இதைத்தான். வாங்க வாங்க என்று டீ கொடுத்துவிட்டுப் பாதையில் விட்டுவிட்டுப் போவதால் என்ன பிரயோஜனம்?

தண்ணீர் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் உழைக்கும் குதிரை மணிக்குப் பத்து லிட்டருக்கு மேலேகூட வியர்க்கும். நம் வியர்வையைவிட அதன் வியர்வையில் உப்பு அதிகம், தண்ணீரோடு உப்பும் சேர்ந்து போய்விடுவதால் அதற்குத் தாகமே சீக்கிரம் எடுக்காது. உடம்பு காய்ந்துகொண்டிருக்கும், குதிரை வாளியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நம் ஊர் வண்டிக்காரப் பெரியவர்கள், ஓடி வந்த குதிரைக்கு உடனே தண்ணீர் காட்டக் கூடாது, சூட்டு உடம்பில் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும் என்று சொல்வார்கள். எனக்குக் குதிரை பிடிக்கக் கற்றுக்கொடுத்த வெள்ளகோவில் மாமாவும் அப்படித்தான் சொன்னார், மற்ற எல்லாவற்றிலும் அவர் பேச்சுதான் எனக்கு வேதம். ஆனால் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி வெப்பத்தில் குதிரைகளை வைத்து நடந்த ஆராய்ச்சிகள் இதை மாற்றிவிட்டன. சூடேறின குதிரைமேல் நல்ல குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க விடாமல் ஊற்றுவதுதான் சூட்டை வேகமாக இறக்கும் வழி, அதனால் கெடுதல் இல்லை. வழியில் கண்ட இடத்திலெல்லாம் குடிக்கவும் விடலாம். உப்புக் கரைசல் கொடுப்பவர்கள் மட்டும் ஒன்றை மறக்க வேண்டாம்: தண்ணீர் குடிக்காத குதிரைக்கு உப்பை மட்டும் புகட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

நம்ம பக்கத்துப் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. கீழ்பவானி வாய்க்கால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளம், கரை பல இடங்களில் மண் பாதை, மரநிழல் உண்டு. தார் ரோட்டில் பெருநடை விட்டால் குதிரைக் கால் அடி வாங்கும், மண் கரை அதற்கு எவ்வளவோ மேல். ஆனால் தண்ணீர் வேகமாகப் போகும் நாட்களில் புதியவர்களைத் தண்ணீர் ஓரமாக விடக் கூடாது, எப்போதும் துணை ஆள் தண்ணீர்ப் பக்கம், பிள்ளை வயல் பக்கம். காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகள் பார்ப்பதற்கு ஆசையாக இருக்கும், கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நின்றால் குதிரையே பாட்டுப் பாடும், ஆனால் வெள்வேல முள் குளம்பின் அடியில் ஏறினால் தெரியாது, ஆகவே அரை மணிக்கு ஒருமுறை இறங்கி நாலு காலையும் தூக்கிப் பார்க்க வேண்டும். அதோடு அது ஒருவருடைய மேய்ச்சல் நிலம், தோட்டத்துக்காரரிடம் கேட்டுவிட்டு, திறந்த படலை மூடிவிட்டுத்தான் போக வேண்டும். மார்கழி, தை, மாசி நல்ல மாசங்கள். பங்குனி பிறந்துவிட்டால் புதியவர்களை நீண்ட தூரத்துக்குக் கூட்டிப் போவதில்லை, விடியற்காலை ஒரு மணி நேர நடையோடு சரி.

கருவிகள் விஷயத்தில் புதியவர்கள் நிறைய செலவு செய்ய வேண்டியதில்லை. குதிரைச் சவாரிக்கென்றே செய்த ஹெல்மெட் மட்டும் கட்டாயம், பைக் ஹெல்மெட் இதற்கு ஆகாது. காலில் கொஞ்சம் குதி வைத்த ஷூ வேண்டும். செருப்போ தட்டையான கேன்வாஸ் ஷூவோ போட்டால் கால் அங்கவடிக்குள் முழுசாக நுழைந்துகொள்ளும், விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு போய்விடும். ஜீன்ஸ் தையல் மூன்றாவது மணி நேரத்தில் தொடையை அறுத்துவிடும், தையல் உறுத்தாத இறுக்கமான பேண்ட் நல்லது. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 350 கிலோ எடையுள்ள கத்தியவாரிக் குதிரை என்றால் 70 கிலோ. சின்னப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, அவர்கள் எடை குதிரைக்கு ஒரு பொருட்டே இல்லை.

குதிரை இல்லாத பிள்ளைகள் எப்படி உள்ளே வருவது என்று கேட்கிறார்கள். உதவி ஆளாக வாருங்கள் என்பதுதான் என் பதில், என்னைக் கேட்டால் குதிரை இருப்பவர்களும் முதலில் அப்படித்தான் வர வேண்டும். சுற்று முடித்து வரும் குதிரைக்கு வாளியோடு காத்திருப்பது, சேணத்தை இறக்குவது, கழுத்திலும் கால்களுக்கு இடையிலும் தண்ணீர் ஊற்றுவது, ஊறவைத்த கொள்ளும் தவிடும் தண்ணீராகக் கரைத்து முன்னால் வைப்பது, ஸ்டெதஸ்கோப்பை இடது முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்தில், முழங்கை மூட்டுக்குப் பின்னால் வைத்துத் துடிப்பு எண்ணுவது. இரண்டு நாள் இந்த வேலை செய்த பிள்ளை, குதிரைமேல் உட்கார்ந்து இரண்டு மாசத்தில் கற்றுக்கொள்வதைவிட அதிகம் கற்றுக்கொண்டுவிடும்.

பரிசோதனை இடத்தைப் பார்த்துத்தான் புதியவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள், பரீட்சை ஹால் மாதிரி. உண்மையில் புதியவர்களுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. மருத்துவர் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுவார், வெளுத்த இடத்தில் இரண்டு நொடிக்குள் ரத்தச் சிவப்பு திரும்ப வேண்டும். தோலைக் கிள்ளி விடுவார், கூடாரம் மாதிரி நின்றால் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது. இரண்டு விலாப் பக்கமும் காது வைத்துக் குடல் ஓசை கேட்பார், அங்கே அமைதியாக இருந்தால்தான் கவலை. அப்புறம் குதிரையைக் கையில் பிடித்து நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டித் திரும்பக் கொண்டுவரச் சொல்வார், நொண்டல் இருக்கிறதா என்று பார்க்க. சில நாடுகளில் அந்த ஓட்டத்துக்கு முன்னால் ஒருமுறை, தொடங்கி சரியாக ஒரு நிமிடம் ஆனதும் இன்னொரு முறை துடிப்பை எண்ணுவார்கள். இரண்டாவது எண் முதல் எண்ணைவிடத் தூக்கலாக இருந்தால் குதிரை வெளியே காட்டாத களைப்பு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் குதிரையைப் பிடித்து ஓட்டுகிற வேலையை வீட்டிலேயே பழக்கிவிட வேண்டும். பாதிப் புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்: குதிரை கூட ஓட மறுக்கும், இவர் திரும்பி அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இழுப்பார், முகத்துக்கு நேரே நின்று இழுத்தால் எந்தக் குதிரை வரும்?

குதிரையை நிறுத்திவிட்டார்கள் என்றால் புதியவரிடம் எப்படிப் பேசுவது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. இருபது வயதுப் பையன் ஒருவன், முதல் 40 கிலோமீட்டரில் கடைசிப் பரிசோதனையில் குதிரை லேசாக நொண்டியதால் நிறுத்தப்பட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடிவாளத்தைத் துடைத்துக்கொண்டே நின்றதைப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடமாக அதே வாரை, அதே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் "பரவாயில்ல தம்பி, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போவதில் பிரயோஜனம் இல்லை. நான் போய், எந்தக் கால், எங்கிருந்து ஆரம்பித்திருக்கும், கல்லுப் பாதையில் எந்த நடையில் வந்தாய், லாடம் கட்டி எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டேன். பேசப் பேசத் திரும்பி நின்றான். லாடம் கட்டி முந்தின நாள்தான் ஆகியிருந்தது. ஆணி ஒன்று ஓரமாக நெருக்கி அடிக்கப்பட்டிருந்தது. சவாரிக்கு ஒரு வாரம் முன்னாலேயே லாடம் கட்டிவிட வேண்டும் என்பது அவனுக்கு யாரும் சொல்லாத விஷயம். அனுபவசாலிகளுக்கும் நிறுத்தப்படுகிறது, எனக்கும் மூன்று தடவை நிறுத்தியிருக்கிறார்கள், அதையும் அவனிடம் சொன்னேன்.

பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு நான் சொல்வது பக்கத்து மலப்புறத்தைப் பற்றி. திரூரைச் சேர்ந்த நிதா அஞ்சும் 2023ல் பிரான்ஸின் காஸ்டெல்சாக்ராவில் நடந்த இளையோர் உலக எண்டூரன்ஸ் போட்டியில் எப்சிலான் சலூ என்ற குதிரைமேல் 120 கிலோமீட்டரை ஏழரை மணி நேரத்துக்குள் முடித்தார், அந்தப் போட்டியை முடித்த முதல் இந்தியர் அவர்தான். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் அவர் ஊர். குதிரைக்கு மேலே இருப்பது ஆணா பெண்ணா என்று குதிரைக்குத் தெரியாது, கை முரட்டுத்தனமாக இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். எண்டூரன்ஸில் ஆண்களும் பெண்களும் ஒரே போட்டியில்தான் போகிறார்கள்.

அண்ணன் மகள் அன்றைக்குப் பதினைந்து கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக முடித்தாள். பாதிக்கு மேல் நடைதான், நடுநடுவே பெருநடை, பாய்ச்சல் கிடையவே கிடையாது. வந்ததும் அவளையே ஸ்டெதஸ்கோப்பை வைத்து எண்ணச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய எண்ணினாள், பதினைந்து நொடிக்குப் பதினாலு, நாலால் பெருக்கி "அம்பத்தாறு சித்தப்பா" என்றாள். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி எண்ணச் சொன்னால் பன்னிரண்டு. அவளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறேன், தேதி, தூரம், நேரம், வெயில், வந்ததும் துடிப்பு, பத்து நிமிடம் கழித்துத் துடிப்பு, எவ்வளவு குடித்தது, சாணி எப்படிப் போட்டது என்று அதில் எழுத வேண்டும். இதே கணக்கில் போனால் அடுத்த மார்கழிக்கு 40 கிலோமீட்டருக்குத் தயாராகிவிடுவாள், அவளைவிட முக்கியமாக அந்தக் குதிரை தயாராகிவிடும்.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, பள்ளிக்கூட யூனிஃபார்மோடு லாயத்துக்கு வந்து நின்றாள். முதல் நாள் சவாரியில் ஏற்பட்ட காயம் பல நேரம் மறுநாள் காலையில்தான் வெளியே தெரியும், அதனால் நாலு காலையும் தடவிப் பார்த்து எங்கேயாவது சூடோ வீக்கமோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கையில் பிடித்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். தடவிப் பார்த்தாள். வலது முன்னங்காலில் ஒரு இடத்தில் நிறுத்தி, இடது காலில் அதே இடத்தைத் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். அப்புறம் குதிரையின் முகத்தைப் பார்க்காமல், நேரே வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, ஷூவெல்லாம் புழுதியாக அதைக் கூடவே ஓட்டிக்கொண்டு போனாள்.